தோட்டப்புற வீட்டில் பசுமை வாழ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கும், தோட்டம் விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கும் பொருந்தும். செலவு குறைந்த வழிகளையே சொல்லியிருக்கிறோம்.

வருடப் பிறப்பன்று எடுத்த முடிவு தைப்பூசத்துக்குள் நின்றுபோகிறது. ஏன்?

பெரும்பாலும் முடிவு எடுத்த விதத்தில்தான் கோளாறு. "பிளாஸ்டிக்கைக் குறைப்போம்", "இயற்கையாக வாழ்வோம்" என்பவை நல்ல ஆசைகள். ஆனால் ராத்திரி படுக்கும்போது "இன்றைக்கு அது நடந்ததா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "காய்கறித் தோல் எதுவும் குப்பைத் தோங்குக்குப் போகக் கூடாது" என்று வைத்துக்கொண்டால் தோங்கைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொரு காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. முடிவு எடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர். காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து வேலைக்குப் போகிற அம்மாவின் தலையில் உரத் தொட்டி, துணிப்பை, மழைநீர்த் தோங் எல்லாம் வந்து விழுந்தால் மூன்று வாரம்கூட ஓடாது. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் யார் செய்வது, எந்த நேரத்தில் செய்வது என்று இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பதில் இல்லாத முடிவை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

தராசிலிருந்து. தொங்கு தராசு ஒன்று இருந்தால் போதும், 10 கிலோ வரை காட்டினால் சரி. ஏழு நாள் எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல், குப்பையை மட்டும் இரண்டு பைகளில் போடுங்கள்: சமையல் கழிவு ஒன்றில், மற்றதெல்லாம் இன்னொன்றில். தினமும் இரவு நிறுத்து எழுதுங்கள். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவுக் கழிவு. வீட்டில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் முதல் வேலை உரம் தயாரிப்பதுதான். சூரியத் தகடு, மின்சார மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்புறம்.

ஒரே சமயத்தில் ஒரு வேலை. அது ஆறு வாரம் தொடர்ந்து நடந்தபின் அடுத்தது.

தினமும் எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

நோட்டுப் புத்தகம் பெரும்பாலும் தொலைந்துபோகும். சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் ஒரே ஓர் எண்ணை எழுதுங்கள். குப்பையென்றால் கிலோ, மின்சாரமென்றால் யூனிட். மறந்த நாளை வெறுமையாக விடுங்கள், கணக்கை ஒப்பேற்றி நிரப்ப வேண்டாம். மாதக் கடைசியில் வெறுங்கட்டங்கள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பார்த்தால், வீட்டில் எந்த நாள் இறுக்கமாக இருக்கிறது என்று புரிந்துவிடும்.

உரத் தோங்கை எப்படித் தயார் செய்வது?

120 லிட்டர் பிளாஸ்டிக் தோங் இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பி மக்கும்போது இன்னொன்றில் போட வேண்டியிருக்கும். ஒரு தோங்கோடு தொடங்குபவர்கள்தான் ஆறாவது வாரத்தில் இடமில்லாமல் நிறுத்துகிறார்கள். சாப்பாட்டுப் பொருள் அல்லது சோப்பு வந்த தோங்காக இருக்கட்டும். பூச்சிமருந்து வந்தது வேண்டவே வேண்டாம்.

அடியிலும் பக்கங்களிலும் 10 மில்லிமீட்டர் துளைகளை ஒரு சாண் இடைவெளியில் போடுங்கள். உள்ளே அடிப்பக்கம் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை விரியுங்கள். எலி துளையைக் கடித்துப் பெரிதாக்கி உள்ளே வரும், வலை இருந்தால் முடியாது. மூன்று செங்கல் மேல் நிழலில் நிறுத்துங்கள். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே காய்ந்து மக்குவது நின்றுவிடும்.

அடியில் 10 சென்டிமீட்டருக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளும் சுள்ளியும். அதன்மேல் சமையல் கழிவு ஒரு பங்கு போட்டால், காய்ந்த இலை இரண்டு பங்கு. ஒவ்வொரு தடவையும் கழிவு கண்ணில் படாதபடி இலையால் மூடுங்கள், ஒரு கைப்பிடி தோட்டத்து மண் தூவுங்கள். காய்ந்த இலையைத் தேடி ஓடக் கூடாது. பெரிய அரிசிக் கோணியில் அடைத்துத் தோங்கின் பக்கத்திலேயே வையுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நாலைந்து கோணி சேர்த்துவிட்டால் பல மாதத்துக்கு வரும்.

வாரம் ஒரு முறை அடியிலிருந்து கிளறுங்கள். ஞாயிறு காலை மீன் கழுவும் முன் என்று ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் மறக்காது. ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் வந்தால் பதம் சரி. ஒழுகினால் இலை சேருங்கள். ஒன்றும் வராமல் உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். போடுவதை நிறுத்தியபின் நம்முடைய வெப்பத்தில் 8 முதல் 10 வாரத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு கிடைக்கும்.

போடக் கூடாதவை: மீன், கோழி எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, சோறு. சோறுதான் எலியை அழைத்து வருகிறது. மிஞ்சிய சோற்றுக்குக் கோழி வளர்க்கும் அண்டை வீடு நல்ல வழி.

நாற்றம் வருகிறது, புழு நெளிகிறது. கொட்டிவிடலாமா?

கொட்ட வேண்டாம். மூத்திர நெடிபோல் மூக்கில் ஏறினால் பச்சைக் கழிவு கூடிவிட்டது என்று பொருள். இரண்டு வாளி காய்ந்த இலையைப் போட்டுக் கிளறுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை. முழுவதையும் வெளியே தட்டி, சுள்ளி கலந்து திரும்பப் போட வேண்டும். எறும்பு குடியேறினால் ஈரம் போதவில்லை.

புழுவில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தட்டையாக, வரிவரியாக, 2 சென்டிமீட்டர் நீளத்தில் கூட்டமாக நெளிந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. இன்னொன்று கட்டைவிரல் தடிமன், வெள்ளையான கொழுத்த உடல், பழுப்புத் தலை, கையில் எடுத்தால் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும். அது காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து வண்டானபின் தென்னையின் குருத்தையும் செம்பனையின் குருத்தையும் துளைக்கும். தோட்டங்களைச் சுற்றி இருக்கும் நாம் அதை வளர்த்துவிடக் கூடாது. பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். வாரம் தவறாமல் கிளறும் தோங்கில் அது பெரிதாகும்வரை கண்ணில் படாமல் இருக்க முடியாது. மூன்று மாதம் தொடாமல் கிடக்கும் குவியலில்தான் பெருகும்.

செம்பனை மில்லில் வெற்றுக் குலை (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) கிடைக்கிறது. உரத்தில் போடலாமா?

தோங்கில் போட்டால் லேசில் மக்காது. செடியைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள், அதுவே அதற்குச் சரியான இடம். பொட்டாசியம் நிறைய உண்டு, வாழைக்கு ரொம்ப நல்லது. ஒரே அடுக்காகப் பரப்புங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அடுக்கடுக்காகக் குவித்தால் மேலே சொன்ன வண்டு உள்ளே முட்டையிடும்.

மாமியார் சாயங்காலமானால் குப்பையைக் கூட்டி எரித்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

கொசுவும் பாம்பும் வராமல் லயத்துச் சுற்றுப்புறத்தைக் காத்த பழக்கம் அது. அந்தக் காலத்துக் குப்பையில் இலையும் காகிதமும்தான் இருந்தன. இன்றைக்கு அதில் பிளாஸ்டிக் பையும், மைலோ பாக்கெட்டும், உடைந்த பிவிசி குழாயும் இருக்கின்றன. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, அந்தப் புகை முதலில் போவது கூட்டிக் கொளுத்துகிறவரின் நெஞ்சுக்குள்தான். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

சட்டத்தைச் சொல்லி மாமியாரிடம் பேசாதீர்கள். "அத்தை, இந்த இலையெல்லாம் எனக்கு உரத்துக்கு வேணும், கோணியில் போட்டு வைங்க" என்று கேளுங்கள். கூட்டும் வேலை அவரிடமே இருக்கட்டும். இலை போய்ச் சேரும் இடம் மட்டும் மாறும். எரித்த சாம்பலில் பிளாஸ்டிக் கலந்திருந்தால் அதைக் கீரைப் பாத்தியில் போட வேண்டாம்.

செம்மண்ணில் கீரை முளைக்கிறது, ஆனால் ஒரு சாண் வளர்ந்து நின்றுவிடுகிறது. உரம் போட்டும் பயனில்லை.

நம் செம்மண் புளிப்பு மண். ரப்பரும் செம்பனையும் அதைத் தாங்கும், காய்கறி தாங்காது. ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர்நுனி தடித்து, குட்டையாக, பழுப்பேறி, மெல்லிய சல்லிவேரே இல்லாமல் இருந்தால் புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியம் வேரைச் சுடுகிறது. அந்த வேரால் உரத்தை எடுக்க முடியாது. அதனால்தான் எவ்வளவு போட்டாலும் செடி அப்படியே நிற்கிறது.

விவசாயக் கடையில் ஜிஎம்எல் என்று கேட்டால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் கொடுப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை கொத்திக் கலந்து, தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் விடுங்கள். அதன்பிறகு உரம். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடக் கூடாது, எருவிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும்.

முதல் பயிராகக் கங்குங் போடுங்கள். 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் திரும்பவும் துளிர்க்கும். சீக்கிரம் தட்டுக்கு வரும் பயிர்தான் தொடங்குபவரைத் தொடர வைக்கும். முருங்கைக்கு ஒரு மீட்டர் நீளக் கொம்பு போதும், ஆனால் தண்ணீர் தேங்கும் மூலையில் நட்டால் அழுகிவிடும். கறிவேப்பிலையை எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி பக்கத்தில் வைக்காதீர்கள். எலுமிச்சை வகைகளில் இலை மஞ்சளாகும் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலைத் துளிர் பிடித்தமான இடம்.

வடக்கே நமக்கு ஜனவரி, பிப்ரவரி வறட்சி. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். அந்த மாதங்களில் பாத்தியை 20 சென்டிமீட்டர் உயர்த்தாவிட்டால் விதை அடித்துக்கொண்டு போய்விடும்.

செடியில் அசுவினிப் பூச்சி வந்தால்?

வேப்பெண்ணெய் 5 மில்லிலிட்டர், பாத்திரம் கழுவும் சோப்பு நீர் 1 மில்லிலிட்டர், தண்ணீர் 1 லிட்டர். முதலில் எண்ணெயையும் சோப்பையும் கலக்கி, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாற்றிச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள்.

தோட்டத்தில் மருந்து வந்த காலி தோங்கைக் கழுவித் தண்ணீர் பிடிக்கலாமா?

கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது. மருந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும், கழுவினால் வாசம்தான் போகும். செடிக்கு ஊற்றும் தண்ணீருக்கும் வேண்டாம். மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போட்டு நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. கொட்டகையில் பழைய கலன் கிடந்தால் "கொஞ்சம்தானே இருக்கிறது" என்று யாரையும் எடுக்க விடாதீர்கள். சிறிதளவு வாய்க்குள் போனாலே உயிருக்கு ஆபத்து, அதற்கு மாற்று மருந்து இல்லை. மருந்து அடிக்கிறவரின் சட்டை, கால்சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தெளித்த இடத்துப் புல்லை உரத் தோங்குக்கும் கொண்டுவர வேண்டாம்.

மழைத்தண்ணீர் பிடிக்க ஆசை. ஆனால் டிங்கி பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு 7 முதல் 10 நாள்தான். வீட்டில் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடலாம். தோங்கின் மூடியில் வாயகலத்துக்கு ஓட்டை வெட்டி, 1 மில்லிமீட்டருக்கும் சின்னக் கண்ணுள்ள நைலான் வலையை இழுத்துக் கட்டி, விளிம்பைச் சைக்கிள் டியூப்பால் இறுக்குங்கள். வழிந்தோடும் குழாயின் வாயையும் மறக்காமல் மூடுங்கள். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கொசு நுழைகிறது. கூடுதல் காப்பாக அபேட் மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) போட்டால் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர், சிந்தியது போக 600க்கு மேல் தேறும். ஆக, 220 லிட்டர் தோங் ஒரே மழையில் நிரம்பிவிடும். நிரம்பியபின் எடை 220 கிலோவைத் தாண்டும், ஆகவே சிமெண்டுத் தளத்தில் செங்கல் அடுக்கி நிறுத்துங்கள். வெறும் மண்ணில் வைத்தால் ஒரு பக்கம் அமிழ்ந்து சாயும், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது விபத்து. மழையின் முதல் 20 லிட்டரைத் தனியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான். குழாயை அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் வண்டல் வராது. குடிக்க, சமைக்க வேண்டாம். செடிக்கும் வாசல் கழுவவும் மட்டும். பழைய லயங்களின் அஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது, அதன் நார் நுரையீரலைக் கெடுக்கும்.

பழத்தோல் என்சைம் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுமா?

தரை துடைக்க, கழிவறைக் கறைக்கு, அடுப்பு மேடைக்கு நன்றாக வேலை செய்யும். அது புளித்த அமிலம், வினிகரைப் போன்றது. கிருமிநாசினி என்று நம்பிவிட வேண்டாம். பழுப்புச் சர்க்கரை 300 கிராம், அன்னாசி அல்லது ஆரஞ்சுத் தோல் 900 கிராம், தண்ணீர் 3 லிட்டர், மூன்று மாதம். 6 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியாக இருக்கட்டும். கண்ணாடி வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி மூடுங்கள். இதையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் நுரை நன்றாக வரும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். தனித்தனியே பயன்படுத்துங்கள்.

மின்சாரத்தில் எங்கே கை வைப்பது?

மீட்டரை ஏழு நாள் ஒரே நேரத்தில் படித்துக் காலண்டரில் எழுதுங்கள். பிறகு பெரியதைத் தேடுங்கள். 3.6 கிலோவாட் வெந்நீர்க் கருவியில் ஒருவர் 10 நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். நான்கு பேர் தினமும் குளித்தால் மாதம் 72 யூனிட். 70 வாட் காற்றாடி எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.56 யூனிட்தான். "காற்றாடியை நிறுத்து" என்று பிள்ளைகளை விரட்டுவதைவிடக் குளியலை 5 நிமிடமாக்கினால் மாதம் 36 யூனிட் மிச்சம்.

குப்பையைப் பிரித்து வைத்தாலும் லோரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

கெடாவில் 672ஆம் சட்டம் (திடக்கழிவு, பொதுத் தூய்மை நிர்வாகச் சட்டம்) நடப்பில் இருக்கிறது, வீட்டிலேயே பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள். நாள் மாற்றி வைத்தால்தான் எல்லாம் ஒன்றாகப் போகும், முதலில் உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு உள்ளே லோரி வராத லயங்களில் பழைய பேப்பர் லோரிக்காரர்தான் வழி. நாலு வீடு சேர்ந்து அட்டையையும் அலுமினிய டின்னையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால் அவருக்கும் வந்துபோவது கட்டுப்படியாகும். சமைத்த எண்ணெயை வடிகட்டி 5 லிட்டர் போத்தலில் சேருங்கள், அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கடையில் தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கும்போது பாத்திரம் கொண்டுபோக மறந்துவிடுகிறோம்.

வீட்டில் வைத்திருந்தால் மறக்கத்தான் செய்யும். தூக்குச்சட்டியும் இரண்டு துணிப்பையும் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் அல்லது காரின் பின்பக்கம் இருக்கட்டும். கழுவிய சட்டி அடுக்களைக்குள் போகாமல் நேரே வண்டிக்குப் போக வேண்டும், பழக்கம் ஏற்படும் இடம் அதுதான்.

கோயில் திருவிழாவில் 300 பேருக்கு அன்னதானம். போலிஸ்டைரீன் இல்லாமல் முடியுமா?

வாழையிலை நம்மிடம் இருக்கும்போது முடியும். தண்ணீரில்தான் பெரிய லாபம்: ஆளுக்கு இரண்டு கிளாஸ், 250 மில்லிலிட்டர் வீதம் 150 லிட்டர். 19 லிட்டர் ஜாடி எட்டு இருந்தால் சரியாகிவிடும், போத்தல் ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் கிளாஸ் 120 போதும், மூன்று வாளி வைத்துச் சுழற்சியில் கழுவலாம்: அலச ஒன்று, சோப்புக்கு ஒன்று, சுத்தத் தண்ணீருக்கு ஒன்று. கழுவ நான்கு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட இடங்களில்தான் பாதி விருந்தில் பிளாஸ்டிக் கப் வெளியே வருகிறது. இலை எடுக்கும் இடத்தில் இரண்டு தோங், சோற்றுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. இலையைக் கிழித்துப் போட்டால் உரமாகும், முழுசாகப் போட்டால் பாய்போல் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும்.

நடுவில் ஒரு மாதம் விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. காலண்டரில் கடைசியாக எழுதிய எண்ணைப் பாருங்கள், அங்கிருந்து தொடருங்கள். எந்த வேலையால் நின்றது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். கிளறுவது கடினமாக இருந்ததா? 60 லிட்டர் தோங்குக்கு மாறுங்கள். இரவு வேலை மாறியதா? பொறுப்பைக் கை மாற்றுங்கள். தீபாவளி மாதத்தில் குப்பை கூடுவது இயல்பு, அந்த மாதத்தைப் போன தீபாவளியோடு ஒப்பிடுங்கள்.

லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போகப்போகிறோம். செடிகளை எல்லாம் விட்டுவிட வேண்டியதுதானா?

கறிவேப்பிலையைக் கொண்டுபோகலாம். பெரிய மரத்தைப் பெயர்க்க முயலாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அரிது. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளில் முழங்கால் உயரமுள்ள மூன்றைத் தேர்ந்தெடுங்கள். வீடு மாறுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன், தாய் வேரோடு சேரும் இடத்தைக் கூரான மண்வெட்டியால் ஒரு பக்கம் மட்டும் வெட்டி அப்படியே விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபக்கத்தையும் வெட்டி, வேரைச் சுற்றிய மண் உதிராமல் தோண்டி எடுத்து, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்த பாலிபேக்கில் வையுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டு நிழலில் வைத்து, மண் காயாமல் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் வந்தபின் காலை வெயில் படும் மாடத்துக்குக் கொண்டுபோகலாம். மூன்றில் ஒன்று வாடினாலும் இரண்டு மிஞ்சும், ஒன்றை அண்டை வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள்.